கீறல் விழாத கை

தீபாவளிக்கு ஆடு வாங்க மெல்பர்னுக்கு வெளியே ஒரு பண்ணைக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். அங்கே நரி பிடிப்பவர், யாழ்ப்பாணத்துக்காரர். வெயிலில் கறுத்த ஒடுங்கிய முகம். பேசும்போதெல்லாம் கையிலிருந்த நரிப்பொறியின் வாயைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

கடையில் வாங்கிய கால்பொறியை வெல்டிங் இல்லாமலே மாற்றியிருந்தார். இரும்புத் தாடைகளில் ரப்பர் பட்டையை போல்ட் போட்டு முடுக்கி, சங்கிலியைச் சுழலும் வளையத்தோடு அடிப்பக்கத்தின் நடுவில் பூட்டியிருந்தார்.

"நரி மேல அவ்வளவு இரக்கமா?" என்றேன்.

"இரக்கமோ? கால் முறிஞ்சா அதைக் கடிச்சு அறுத்துப்போட்டு ஓடியிடும். முழுசா நிக்கோணும். கையை வையுங்கோ."

வைத்தேன். படக்கென்று கவ்வியது.

"நோகுதோ?"

"இல்லைங்க."

"அப்ப நில்லுங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."

கண்ணெதிரே நாற்காலியில் அமர்ந்து ஊதி ஊதிக் குடித்தார். முதலில் சிரித்தேன். பிறகு இழுத்துப் பார்த்தேன். கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. கடைசியில் வந்து விடுவித்தபோது, "ரொம்ப நன்றிங்க" என்றேன்.

கையைப் புரட்டிப் பார்த்தார். "ஒரு கீறலும் இல்லை. நரிக்கும் இப்பிடித்தான். விடியக்காலமை துவக்கோட வருவன், அவ்வளவுதான்." மூலையில் சாய்த்திருந்த துப்பாக்கியைக் காட்டினார்.

தீபாவளிக் கறி ருசியாகத்தான் இருந்தது. பரிமாறும்போது அந்தக் கையைப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை.