டெக்கின் பின்பக்கத்தைப் பார்க்காத அத்தான்

இன்று காலை சங்கரன்கோவிலில் ஒரு கடை கவுண்டரில் எனக்குக் கோபம் வந்துவிட்டது!

வீட்டு வாசல் கேமராவுக்கு ரெக்கார்டர் வாங்கப் போயிருந்தேன்.

"இதை எங்க டிவியில எந்த ஒயர்ல மாட்டணும்?" என்று கேட்டேன்.

"எந்த ஒயரா இருந்தா என்ன மேடம், படம் வருதுல்லா? பெறவு என்ன?" என்றார் விற்பனையாளர்.

அப்படியே திரும்பி நடந்து வந்துவிட்டேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இதே வார்த்தையை எண்பதுகளில் எங்கள் அத்தான் சொன்னார். அக்காவின் கணவர். புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம். ஆனால் ராக்கெட் விடுவது வரை எல்லாம் தெரியும் (என்று அவரே சொல்வார்!).

அப்போது எனக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தார்கள். மஸ்கட்டில் வேலை. பார்த்தது யார்? அத்தான்தான்!

என் அண்ணனும் மஸ்கட்டில்தான் இருந்தான். "மாப்பிள்ளையை அங்கே ஒரு எட்டு பார்த்துவிட்டுச் சொல்" என்று அப்பா எழுதியிருந்தார்.

பதிலுக்கு அண்ணன் ஒரு வீடியோ கேசட் அனுப்பினான். லீவில் வந்த பனவடலிசத்திரத்து நண்பர் ஒருவர் கொண்டு வந்து கொடுத்தார். "எல்லாத்தையும் இதுலயே பேசியிருக்கான். கேட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு ஊர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

கேசட் போட்டுப் பார்க்க டெக் வேண்டுமே! (வி.சி.ஆர் என்று இப்போது சொல்கிறீர்களே, அதற்கு எங்கள் ஊரில் டெக் என்றுதான் பெயர்.)

நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கும் போட்டுக் காட்டலாம் என்று அத்தான் மெட்ராஸ் போனார். ஹாங்காங் டெக் ஒன்றை வாங்கி வந்தார். பளபளவென்று இருந்தது. ரிமோட் இருந்தது. கடிகாரம்கூட இருந்தது!

எங்கள் டிவியில் ஆன்டெனா மாட்டும் இடம் ஒன்றுதான் உண்டு. டெக்கின் ஒயரை அதில் சொருகினார்.

படம் வந்தது. அண்ணன் வந்தான். வாய் அசைந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. உஸ்ஸ்ஸ் என்று ஒரே இரைச்சல்.

"ஏ, நம்ம பய வாழ்த்து சொல்லுதான் பாருங்க!" என்றார் அத்தான்.

வீடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் முகத்தில் வாழ்த்தே இல்லை. வேண்டாம் வேண்டாம் என்பதுபோல் கையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"அத்தான், டிவி செய்தியில சத்தம் நல்லாத்தானே வருது? டெக்குக்குப் பின்னாடி ஆடியோ அவுட்டுன்னு தனியா ஒரு ஓட்டை இருக்கு. இங்கன பாருங்களேன்."

"ஏட்டி, டெக் வாங்கினது நீயா நானா? அவன் சத்தமில்லாம பிடிச்சி அனுப்பியிருக்கான். ஒயர் எல்லாம் ஒண்ணுதான். படம் வருதுல்லா, பெறவு என்ன?"

"வேற கேசட் ஒண்ணு வாடகைக்கு வாங்கிப் போட்டுப் பாப்போமே?"

"நிச்சயதார்த்த வீட்டுல சினிமா கேக்குதோ ஒனக்கு?"

அப்பா பேசவில்லை. அம்மா என்னை அடுப்படிக்குப் போகச் சொன்னாள். கட்டிக்கொள்ளப் போவது நான். அண்ணன் என்ன சொன்னான் என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லையா? நாற்பது வருடம் ஆகியும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை!

மறுநாள் நிச்சயதார்த்தம். தெருமுனை கம்பத்தில் மைக்செட் குழாய் காலையிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

பட்டுப்புடவையோடு மைக்செட் அண்ணாச்சியிடம் போனேன். அவரை வீட்டுக்குக் கூட்டி வந்து டெக்கின் பின்பக்கத்தைக் காட்டினேன்.

"இது சத்தத்துக்கு உள்ள ஓட்டைதான் தாயி. இதுல இருந்து நம்ம ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு ஒயரு குடுத்தா முடிஞ்சுது. ஹால்ல பாக்ஸ் வச்சி விடுதேன், எல்லாரும் கேக்கட்டும்" என்றார்.

ஹாலில் பாக்ஸ் வைத்தார். குழாயை அணைக்க மறந்துவிட்டார். நல்ல மறதி!

தட்டு மாற்றுவதற்கு முன்னால் அத்தான் எழுந்தார். "மச்சான் மஸ்கட்ல இருந்து வாழ்த்து அனுப்பியிருக்கான்" என்று பெருமையாகச் சொல்லி ரிமோட்டை அமுக்கினார்.

தெருவே அதிர்ந்தது.

"அப்பா, இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம்ப்பா! அந்த ஆளுக்கு இங்கன பொண்டாட்டி இருக்கா, ஒரு பிள்ளையும் இருக்கு! நான் வீட்டுக்கே போயி கண்ணால பாத்துட்டுத்தான் சொல்லுதேன்! தங்கச்சிய குடுத்துராதீய!"

(கேசட் வந்து சேருமோ சேராதோ என்று அண்ணன் பயந்துபோய் கடிதமும் போட்டிருந்தான். அது வந்து சேர்ந்தது ஆறு நாள் கழித்து!)

அத்தான் முதலில் என்ன செய்தார் தெரியுமா? மாப்பிள்ளையின் அப்பாவிடம் "இது நெசமா?" என்று கேட்டாரா? இல்லை!

"ஏ, அந்தக் குழாயை நிறுத்தும்வே! ஊரே கேக்குது!" என்று கத்தினார்.

"இது நெசமா?" என்று கேட்டது எங்கள் அப்பா. இரண்டு நாளாகப் பேசாத அப்பா! மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கூட வந்தவர்களும் எழுந்தார்கள். அவர்கள் கொண்டு வந்த தட்டு அங்கேயே கிடந்தது.

பிறகு ஒரு மெக்கானிக் விளக்கினார். ஆன்டெனா ஒயரில் சத்தம் அனுப்புகிற முறை ஹாங்காங் டெக்குக்கு வேறு, நம் ஊர் டிவிக்கு வேறாம். படம் வரும், சத்தம் வராது. ஆடியோவுக்குத் தனி ஒயர் கொடுத்தால் கோளாறே இல்லை.

வாங்கும்போது திருப்பிப் பார்த்திருந்தால் போதும். நான் கைநீட்டிக் காட்டியபோதாவது பார்த்திருக்கலாம்! டெக்கில் சத்தம் வராததற்கு ஒயர் காரணம். அந்த வீட்டில் நான் பேசியது யார் காதிலும் ஏறாததற்கு என்ன காரணம்?

எல்லாரும் போன பிறகு அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தான் வந்து டெக்கைத் தட்டிக் கொடுத்தார்.

"பாத்தியாட்டி? நான் அப்பவே சொன்னேம்லா, டெக்குன்னா இதுதான் டெக்கு! இல்லன்னா இன்னைக்கு ஒன் கதி என்ன?"

இன்றுவரை எல்லாக் கல்யாண வீட்டிலும் என்னைக் காப்பாற்றியது தான்தான் என்று சொல்லிக்கொண்டு இருக்கிறார்!

நீங்களே சொல்லுங்கள் மக்கா, இந்த மனிதரை நான் என்னதான் செய்ய?