சோதனையில் பாஸான புகை

எழுபதுகளின் கடைசியில் ஒரு வைகாசி. திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் அவினாசி ரோட்டை ஒட்டி எனக்குச் சலவைப் பட்டறை இருந்தது. வெளுத்த பனியன் துணியை ரோட்டோரம்தான் காயப் போடுவோம். பக்கத்து வீட்டு ரஹ்மத் பாய் புதிதாக டீசல் கார் வாங்கி டாக்சி ஓட்டக் கிளம்பினார். அது உறுமினால் என் துணியெல்லாம் கரி! சண்டையே போட்டேன். வண்டிகளைச் சோதிக்கிற ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டரும் புகையைப் பார்த்துவிட்டு டாக்சி பர்மிட் தர மறுத்துவிட்டார்.

"கார் வித்த கம்பெனிக்காரங்க என் பேச்சை நம்ப மாட்டாங்கண்ணா. கரி புடிச்ச துணியோட நீங்களும் வாங்க" என்றார் பாய்.

காலை 6.10க்குக் கிளம்பினோம். கோயம்புத்தூர் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். அவினாசியில் டீ குடித்ததையும் சேர்த்து, கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்கு 7.40. மெக்கானிக் என் துணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டீசல் பம்பில் ஒரு ஸ்குரூவை முறுக்கினார், புகை நின்றது. அட, இவ்வளவுதானா! பதினொரு மணிக்கு கோயம்புத்தூர் ஆபீசில் இன்ஸ்பெக்டர் பாஸ் போட்டார்.

நேரே ஊருக்கு வந்திருக்கலாம். ஆனால் மெக்கானிக்குக்கு நன்றி சொல்லாவிட்டால் பாய்க்குத் தூக்கம் வராது. திரும்ப ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். மெக்கானிக் பேனட்டைத் திறந்து அதே ஸ்குரூவைத் தளர்த்தினார்.

"ஏனுங்க, எதுக்குங்க?"

"அது இன்ஸ்பெக்டருக்காக வெச்சதுங்க. இப்படியே உட்டா வண்டி இழுக்காது. கம்பெனி ஆர்டருங்க."

மேனேஜரிடம் போனோம். முறுக்கியபடியே ஓட்டினால் எஞ்சினுக்கு காரண்டி கிடையாது, எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார், சிரித்துக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புகை விடக் கூடாது என்று ரூல் போட்டால் எஞ்சினைத் திருத்த வேண்டும். இவர்கள் இன்ஸ்பெக்டர் பார்க்கிற அரை மணி நேரத்தை மட்டும் திருத்துகிறார்கள். வெட்கங்கெட்ட பிழைப்பு!

"எஞ்சின் போச்சுன்னா எனக்கு வேற பொழப்பு இல்லீங்கண்ணா" என்றார் பாய். ஸ்குரூ தளர்ந்தபடியே வண்டி கிளம்பியது. வழியெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சோதனைக்கு வண்டி கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பாஸானதும் கம்பெனி வாசலை மிதிக்காதீர்கள். முடிந்தால் அந்த ஸ்குரூ எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறைக்கு இருநூறு அடி முன்னால் பாய் எஞ்சினை அணைத்தார். "இறங்குங்கண்ணா, தள்ளீரலாம்" என்றார். காய்கிற துணியைத் தாண்டும் வரை புத்தம் புது காரை இரண்டு பேரும் வேர்க்க விறுவிறுக்கத் தள்ளினோம்.

சைக்கிளில் போன ஒருத்தர் ஒரு காலை ஊன்றி நின்றார். "என்னங்க பாய், புது வண்டி ரிப்பேருங்களா?"

"இல்லீங்க" என்றார் பாய், மூச்சு வாங்க. "இன்னிக்குத்தானுங்க பாஸாச்சு."