அக்கா கூட்டித் துடைக்கும் கோட்டை

தன் மூத்த மகள் கூப்பிட்டு அக்கா ஸ்கொட்லாந்துக்குப் போய்ச் சில வருடங்களாகின்றன. அங்கே ஒரு பழைய கோட்டையில் துப்புரவு வேலை செய்கிறாள். வேலை முடிந்து மதியம் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்குப் போன் எடுப்பாள். முல்லைத்தீவில் அப்போது பொழுது சாய்ந்திருக்கும். நான் காயப்போட்ட கருவாட்டை அள்ளிக்கொண்டிருப்பேன்.

கோட்டையின் கதைகளை அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுச் சேர்த்தாள். சுவர் ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கிற அளவுக்குத் தடிப்பாம். எதிரிகள் இரண்டு தரம் வளைத்து எரித்திருக்கிறார்கள். இரண்டாவது தரம், பிரபு சண்டைக்குப் போயிருந்த நேரம், அவருடைய சின்ன மகன் உள்ளே காய்ச்சலில் இறந்துபோனான். தாய் அதன்பின் மேல்மாடி அறையை விட்டு இறங்கவேயில்லை. இப்போதும் அங்கே நடந்து திரிகிறாள் என்பது ஊர்க்கதை. கூட வேலை செய்யும் மற்றப் பெண்கள் அந்த அறைக்குத் தனியே போகமாட்டார்கள். அக்கா அதைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பயமில்லையா என்று கேட்டேன்.

“என்னத்துக்குப் பயம்? அவாவும் பிள்ளையைப் பறிகுடுத்தவா தானே.”

அக்காவின் மகன் முல்லைத்தீவில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். பத்தொன்பது வயது. தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று பதுங்குகுழியிலிருந்து எழுந்து போனான். இரண்டு நாள் அங்கேயே காத்திருந்தோம். பிறகு சனத்தோடு சனமாக இழுபட்டு வந்துவிட்டோம். மரணச் சான்றிதழ் எடுக்கும்படி அரசாங்கக் கந்தோரில் பலமுறை சொன்னார்கள். அக்கா கையெழுத்து வைக்கவில்லை. வைத்தால் தானே அவனைக் கொன்ற மாதிரி என்றாள்.

அறையைக் கூட்டும்போது அந்தத் தாயோடு தமிழில் கதைப்பதாக ஒரு நாள் சொன்னாள். காலடிச் சத்தம்கூட ஒருபோதும் கேட்டதில்லையாம். சொல்லும்போது குரலில் ஏமாற்றம் இருந்தது.

போன கார்த்திகையில், இறந்தவர்களை நினைக்கும் நாளில், சேமக்காலைக்குப் போய் அப்பாவின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நின்றேன். அப்போது அக்கா எடுத்தாள். கோட்டைக்குப் பின்னால் அந்தப் பிள்ளையின் கல்லறையைக் கண்டுபிடித்திருந்தாள். பாசி பிடித்த கல். பெயர் இன்னும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறதாம். அங்கே நெருப்புப் பற்றவைக்கக் கூடாது. காவலாளியிடம் தன் மகனைப் பற்றித் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, அவள் கொண்டுபோன மெழுகுதிரியைக் கொளுத்தி முடிக்கும்வரை காற்றுக்கு மறைப்பாக நின்றாராம்.

பிறகு சொன்னாள்: “அவாக்குப் பிள்ளை எங்க கிடக்குதெண்டு தெரியும். பிறகேன் அவா நடந்து திரியிறா?”

அப்பாவின் கல்லில் காற்றுக்கு அணைந்த மெழுகுதிரியை நான் திரும்பக் கொளுத்தினேன்.

அடுத்த கிழமை, மகனுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தரம். கோயிலில் பாதர், உயிரோடிருப்பவருக்கா இறந்தவருக்கா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பெயரை மட்டும் எழுதினார்.

பின்னேரப் பூசையில் அவர் அந்தப் பெயரை வாசித்தபோது கைபேசியைப் பீடத்தின் பக்கமாகப் பிடித்திருந்தேன். மறுமுனையில் பஸ் ஒன்று வந்து நின்று புறப்பட்டுப் போகும் சத்தம் கேட்டது. அக்கா அதில் ஏறவில்லை.