மாப்பிள்ளைக்கு மீன் கிடையாது

எங்கள் தெருவில் தை பிறந்ததிலிருந்து ஆடி வரைக்கும் குடை விரித்து நடப்பவர்கள் யாரும் மழைக்குப் பயந்தவர்கள் அல்ல. தலைக்கு மேலே வேப்பமரத்திலும் புளியமரத்திலும் கூழைக்கடாக்களும் நாரைகளும் கூடு கட்டிக் குடியிருக்கும். அவை தின்பது மீன், தெளிப்பது மீன் நாற்றம். வெள்ளைச் சட்டை போட்டவர் தெருமுனை தாண்டுவதற்குள் புள்ளிச் சட்டைக்காரர் ஆகிவிடுவார்.

நான் பாளையங்கோட்டைக்காரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு இஸ்திரி மடிப்புக் கலையாமல் போய் உட்காரும் வாத்தியார் குடும்பத்தில் பிறந்தவள். இந்தக் குளத்தங்கரை ஊரின் அரசுப் பள்ளிக்கூடத்துக்கு உடற்பயிற்சி ஆசிரியையாக மாற்றலாகி வந்தேன். வந்த முதல் ஞாயிறே, கோயிலுக்குப் புறப்பட்டு வாசலில் நின்ற என் தலையில் ஒரு நாரை ஆசீர்வாதம் பொழிந்தது. அன்றே பெட்டியைக் கட்டியிருப்பேன். என் வீட்டுக்காரர்தான் தடுத்தார். பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை அவருக்கு. நாள் முழுக்க இரும்பு அடிக்கும் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவருக்கு இந்த ஊர் சொர்க்கமாகத் தெரிந்தது.

சத்தமே கிடையாது, அதுதான் காரணம். இந்த ஊரில் தீபாவளிக்கு வெடி இல்லை. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் வெடி இல்லை. கேட்டால், மரத்துப் பறவைகளைக் காட்டி, "பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த பிள்ளைகள்லா, பயந்துராதா?" என்பார்கள். பக்கத்து வீட்டு மதினி இதைச் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"அம்மா வீட்டுக்கு வந்த பிள்ளை அம்மா தலையிலா பேளும்?" என்று கேட்டேன்.

"பெத்துப் பாருங்க, தெரியும்" என்றாள் மதினி. எனக்குக் கல்லூரியில் படிக்கும் மகன் இருப்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பங்குனி மாதத்து ஒரு சாயங்காலம் பேய்க்காற்று அடித்தது. எங்கள் வீட்டு வேப்பமரத்துக் கூட்டிலிருந்து ஒரு கூழைக்கடாக் குஞ்சு நழுவி, வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் சீட்டில் விழுந்து, அங்கிருந்து தரைக்கு வந்தது. பழைய தோல்பைக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. விழுந்த வேகத்தில் அலகின் நுனி இடப்பக்கமாகக் கோணிப் போயிருந்தது. அவ்வளவு அசிங்கமான ஒரு ஜீவனை நான் அதுவரை பார்த்ததில்லை.

பறவைகளைப் பார்த்துக்கொள்ள வனத்துறை வைத்திருந்த காவலர் ஏணியோடு வந்தார். குஞ்சைத் திரும்பக் கூட்டில் வைத்தார். அடுத்த கூட்டுக்காரி கொத்திக் கீழே தள்ளினாள். மறுபடி வைத்தார், மறுபடி தள்ளினாள். கடைசியில் குஞ்சை என் கையில் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"விழுந்த குஞ்சுகளப் போட்டு வளக்க பட்டியில எடமில்ல டீச்சர். நீங்களே வச்சுப் பாத்துக்கிடுங்க. குளத்துல தண்ணி கெடக்கும்போதே பறந்துட்டுன்னா கூட்டத்தோட கூட்டமாப் போயிரும்."

"பறக்கலைன்னா?"

"கூண்டு வண்டி வரும். மிருகக்காட்சிசாலைக்குத்தான் அனுப்பணும். பொறவு ஆயுசுக்கும் கம்பிக்குள்ளதான்."

நான் மீன் வாங்க ஆள் அனுப்பினேன். கூண்டு என்ற சொல்லே எனக்கு ஆகாது. மழைக்காலத்தில் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டு வகுப்புக்குள் முடங்கிக் கிடந்தவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

முதல் சாளை மீன் உள்ளே போனதும் குஞ்சு தரையில் விழுந்து புரண்டது. இறக்கையை அடித்தது. தன் இறக்கையைத் தானே கவ்விக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் உதறியது. "எம்மா, வலிப்பு! டீச்சர், வலிப்பு!" என்று அலறிய மதினி, இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை உருவி அதன் மேல் வைத்தாள். வலிப்புக்கு இரும்பு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். குஞ்சு சட்டென்று எழுந்தது. சாவிக்கொத்தை ஒரு பார்வை பார்த்தது. வாய்க்குள் போட்டுக்கொண்டது.

மதினி வீட்டு பீரோ சாவி அதில் இருந்தது. அலகுக்குக் கீழே தொங்கும் பைக்குள் நான் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி எடுத்தேன். அந்த வாசனை சித்திரை மாதம் வரைக்கும் என் கையில் இருந்தது. சேதி கேட்டு வந்த காவலர் திணறித் திணறிச் சிரித்தார்.

"அது வலிப்பு இல்ல டீச்சர். அம்மாகிட்ட மீன் கேக்க மொறை. இன்னும் தா, இன்னும் தான்னு நடிக்கி!"

எனக்குத் தெரிந்துவிட்டது. தெருவுக்குத் தெரிந்ததா என்று நான் விசாரிக்காமல் விட்டதில்தான் வந்தது வினை.

கொஞ்ச நாளில் சிறகு முளைத்தது. நடையும் வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் அது நடந்து வருவதைப் பார்த்து, மறுவீட்டு விருந்துக்கு வரும் புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்ல, மாப்பிள்ளை என்ற பெயரே நிலைத்துவிட்டது. காலையிலும் மாலையிலும் நான் அளவாகத்தான் சாளை போட்டேன். உடற்பயிற்சி ஆசிரியை வளர்க்கும் பிள்ளை அல்லவா! ஆனால் மாப்பிள்ளை பெருத்துக்கொண்டே போனது. மரத்தில் அதன் வயதுக் குஞ்சுகள் கிளைக்குக் கிளை தாவிப் பறக்கப் பழகின. எங்கள் ஆளுக்கு வாசற்படி ஏறவே மூச்சு வாங்கியது.

கோடை விடுமுறை விட்டதும் நான் களத்தில் இறங்கினேன். தினமும் காலையில் கழுத்தில் விசிலோடு மாப்பிள்ளையைக் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போவேன். நான் விசில் ஊதிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து அடித்துக்கொண்டு கரைமேல் ஓடுவேன். மாப்பிள்ளை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். மாடு மேய்க்க வந்தவர்களும் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

"இன்னும் கொஞ்சம் வேகமா ஓடுங்க டீச்சர், நீங்க பறந்துருவிய போலுக்கு!" என்பார் ஒருவர். நான் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திட்டுவேன். என் தொண்டை கட்டியது, கால் வீங்கியது, இடுப்பளவு சற்றுக் குறைந்தது. மாப்பிள்ளைக்கு ஒன்றும் குறையவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். தெருமுனை வீட்டு வாசலில் மாப்பிள்ளை விழுந்து புரண்டுகொண்டிருந்தது. அந்த வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சட்டியிலிருந்து மீன் எடுத்துப் போட்டாள். "பச்ச மண்ணப் பட்டினி போட்டுக் கொல்லுதாளே அந்த டீச்சரு" என்று புலம்பல் வேறு. நான் மரத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். மாப்பிள்ளை எழுந்து, சிறகை உதறி, நிதானமாக அடுத்த வீட்டுக்கு நடந்தது. அங்கே ஒரு வலிப்பு. அங்கும் மீன். அதற்கடுத்த வீட்டில் ஒன்று. எங்கள் பக்கத்து வீட்டு வாசலில் மதினி மீனோடு தயாராகவே நின்றாள். ஒவ்வொரு வீட்டுக்காரியும், தான் ஒருத்திதான் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுவதாக நம்பிக்கொண்டிருந்தாள்.

நான் பின்தொடர்ந்து குளத்து மடை வரைக்கும் போனேன். அங்கே காவலர், தோளில் கிடந்த துண்டை அவிழ்த்து ஒரு கெண்டையை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களுமா அண்ணாச்சி? நடிப்புன்னு எனக்குச் சொன்னதே நீங்கதானே!"

"நடிப்புன்னு தெரியும் டீச்சர்" என்றார் அவர், மீனைப் பின்னால் மறைத்துக்கொண்டு. "ஆனா என்னமா நடிக்கி!"

அன்று சாயங்காலம் தெருவைக் கூட்டினேன். எல்லோரும் வேப்பமரத்தடியில் குடையோடு வந்து நின்றார்கள். குளத்தில் தண்ணீர் பாதிக்கு மேல் வற்றியிருந்தது. வடக்கே இருந்து வந்த வாத்துகள் எப்போதோ போய்விட்டன, நாரைகளும் கிளம்பத் தொடங்கியிருந்தன. "இனி மாப்பிள்ளைக்கு யாரும் மீன் போடக் கூடாது. பசிச்சாத்தான் குளத்துக்குப் போகும், தானாப் பிடிக்கும், பறக்கும்" என்றேன்.

மதினி சண்டைக்கு வந்தாள். "அம்மா வீட்டுக்கு வந்த பிள்ளைய வெறும் வயித்தோட அனுப்பச் சொல்லுதீயளா? இந்த ஊர்ல அப்படிப் பழக்கம் கெடையாது."

"கூண்டுக்குள்ள போனா வேளாவேளைக்கு மீன் போடுவாங்க. அங்க அனுப்பிருவமா?"

மதினி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. மாப்பிள்ளை வீடு வீடாகப் போய் அலகால் கதவைத் தட்டியது. டொக், டொக். பதில் இல்லாவிட்டால் வலிப்பு. அதற்கும் யாரும் வராவிட்டால் அடுத்த வீடு. எங்கள் வாசலுக்கு வந்தபோது வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். நான் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அது படியில் அலகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கதவைத் திறக்க எழுந்தேன். வீட்டுக்காரர் என் விசிலை எடுத்துக் கையில் கொடுத்தார். திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

நாலைந்து நாளில் மாப்பிள்ளை தானாகவே குளத்துக்கு நடக்க ஆரம்பித்தது. மற்ற கூழைக்கடாக்கள் வரிசையாக நீந்தி மீனை ஒதுக்கும்போது, இதுவும் வரிசையில் கடைசி ஆளாகச் சேர்ந்துகொள்ளும். ஏதோ கிடைத்தது. தொப்பை வற்றியது. ஆனால் மற்றவை எழும்பிப் பறந்தால், இது மட்டும் சேற்றில் நின்று அண்ணாந்து பார்க்கும். மறுநாள் கூண்டு வண்டி வரப்போவதாகக் காவலர் வந்து சொன்னபோது, குளத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் கிடந்தது.

அன்று முற்பகல் நான் கடைசி முறையாக அதைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தெருவே பின்னால் வந்தது. மதினியும் தள்ளி நின்றாள். ஊதினேன், ஓடினேன், கத்தினேன். "பறலே! சவத்த மூதி, பறலே!" அது அசையவில்லை.

அப்போதுதான் கடற்கரையிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் அண்ணாச்சி, ஹாரனை அடித்துக்கொண்டு கரைமேல் வந்தார். எங்கள் தெருப் பக்கம் நிறுத்தினால் பல்லை உடைப்பேன் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் மனிதர் வேகத்தைக் கூட்டினார். மாப்பிள்ளை அந்த ஹாரனைக் கேட்டது, பெட்டியைப் பார்த்தது, ஓட ஆரம்பித்தது. இறக்கையை விரித்து அடித்துக்கொண்டு, தத்தித் தத்தி மொபெட்டுக்குப் பின்னால் ஓடியது. மீன்காரர் கண்ணாடியில் பார்த்தார். "எம்மா!" என்று இன்னும் முறுக்கினார். மாப்பிள்ளையும் விடவில்லை. கரை வளையும் இடத்தில் மீன்காரர் வளைந்தார். மாப்பிள்ளைக்கு வளையத் தெரியாது. நேரே போனது, கரை முடிந்தது, கால் தரையை விட்டது. விழவில்லை!

குளத்துக்கு மேலே போன பிறகுதான் அதற்கே விஷயம் விளங்கியது போலிருந்தது. மீன் பெட்டியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெயில் சூட்டில் வட்டமடித்து மேலே ஏறிக்கொண்டிருந்த கூட்டத்தை நோக்கிப் போனது. விசில் என் வாயில்தான் இருந்தது. ஊத முடியவில்லை. மதினி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எது மாப்பிள்ளை என்று தெரியாத உயரம் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

அன்று ராத்திரி தெரு முழுக்க மீன் குழம்பு வாசனை. மாப்பிள்ளையின் விரதம் முடிந்ததும் கொடுக்கலாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒளித்து வைத்திருந்த மீன். எங்கள் வீட்டிலும் இருந்தது. மறுநாள் கூண்டோடு வந்தவர்களை உட்கார வைத்து, அந்தக் குழம்பையே ஊற்றி அனுப்பினோம். எனக்குக் கோபம் தீரவில்லை. ஒரு தடவை தெருவுக்கு மேலே சுற்றிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? நன்றி கெட்ட சவம் என்று சொல்லிச் சொல்லிப் பாத்திரம் கழுவினேன். வீட்டுக்காரர் பைய வந்து, "கழுவினதையே கழுவுத" என்றார்.

போன வருஷம் பாளையங்கோட்டைக்கே மாற்றல் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த ஊர்த் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று காரணம் சொன்னேன். வீட்டுக்காரர் சிரித்தார்.

இந்த வருஷம் மாசி மாதத்தில், மதினி காலையிலேயே எங்கள் வாசலில் நின்று கத்தினாள். "டீச்சர், ஓடியாங்க! ஒங்க வேப்பமரத்தப் பாருங்க!"

குடை எடுக்காமல் ஓடினேன். பழைய கூடு இருந்த கிளையில் புதுக் கூடு. அதில் ஒரு கூழைக்கடா அடைகாத்துக்கொண்டிருந்தது. அலகின் நுனி இடப்பக்கமாகக் கோணியிருந்தது.

"மாப்பிள்ளையாம் மாப்பிள்ளை!" என்றாள் மதினி. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "மகளாக்கும்! பேறுகாலத்துக்கு வந்திருக்கா!"

"ஆணும் அடைகாக்கும் டீச்சர்" என்றார் காவலர். மதினி அவரை முறைத்த முறைப்பில் அவர் அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

நான் மீன்காரரை நிறுத்தி நல்ல சாளையாகப் பார்த்து வாங்கினேன். மரத்தடியில் நின்று, மீனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு விசில் ஊதினேன். அது ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. பார்த்தது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் துணைப்பறவை வந்து கூட்டில் இறங்கியது. எங்கள் பிள்ளை எழுந்து, சோம்பல் முறித்து, என் தலைக்கு மேலே பறந்து நேராகக் குளத்துக்குப் போனது. எந்த வாசலிலும் நிற்கவில்லை.

நான் மீனோடு நின்றுகொண்டிருந்தேன். கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன். ஆனாலும் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.