அத்தை மறைத்து வைத்த கசிவு

நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட ஒரு பழைய கைலி. சிம்பாங் அம்பாட்டில் என் மாமியாரான அத்தையின் வீட்டுப் பின்புறம், கிணற்றுப் பம்புக்குப் பக்கத்தில் நின்ற இரும்புத் தொட்டியின் அடியிலிருந்த குழாயில், அடிபட்ட முழங்காலுக்குக் கட்டுப் போட்டதுபோல அதைச் சுற்றிக் கட்டியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு குரோட்டன்ஸ் பூச்சட்டி. வாசலில் என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அத்தை அந்தப் பூச்சட்டியை இழுத்து வந்து அங்கே வைப்பார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இத்தனைக்கும் குழாய்க் கசிவை அடைப்பதுதான் என் வேலையே. மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். குழாய், வால்வு, பம்பு இவற்றோடுதான் என் பிழைப்பு. தெரிந்தவர்கள் எல்லாரும் குழாய் சொட்டினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அத்தை மட்டும் கூப்பிட மாட்டார். காரணம், நான் மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்றால் நல்ல நாற்காலியில் உட்கார வேண்டும், காற்றாடி அவன் பக்கம் திரும்ப வேண்டும், கோழித் தொடை அவன் தட்டில் விழ வேண்டும். அவன் கையில் அழுக்குப் பட்டால் அந்த வீட்டுக்கே அவமானம். மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். தனியாக இருந்தாலும் அத்தை இந்த முறைகளில் ஒன்றையும் விடவில்லை. என்னிடம் நேராகப் பேசவும் மாட்டார். "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளு" என்று என் மனைவியிடம் சொல்வார். நான் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

எனக்கு இது பிடிக்கவே இல்லை. நான் நான்காம் வகுப்பு படிக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். கல்யாணமானால் என்னைத் திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைப்பார் என்று ஆசைப்பட்டிருந்தேன். கிடைத்ததோ மரியாதை. மூன்று வருஷம் அந்த வீட்டில் விருந்தாளியாகவே இருந்தேன்.

கசிவு எனக்குத் தெரியாமல் இல்லை. சாப்பிடும்போதே காதில் விழும். வீட்டில் ஒருவரும் குழாயைத் திறந்திருக்க மாட்டார்கள்; ஆனாலும் பின்னால் பம்பு ஓடும், நிற்கும், இரண்டு நிமிஷத்தில் மறுபடி ஓடும். தொட்டியில் தண்ணீரின் அழுத்தம் குறைந்தால் பம்பு தானாக ஓடும். அழுத்தம் நிற்கவில்லை, எங்கோ தண்ணீர் போகிறது என்று அர்த்தம். கேட்டிருக்கலாம். மாமியார் வீட்டில் குறை கண்டுபிடிக்கும் மாப்பிள்ளை என்று பேர் வாங்கத்தான் தைரியமில்லை. அவர் கசிவை மறைத்தார். எனக்குத் தெரியும் என்பதை நான் மறைத்தேன்.

மூன்றாவது தீபாவளி. என் மனைவி பலகாரத் தட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். அத்தை எடுத்துக் கொடுத்த புது வேட்டியோடு நான் அந்த நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பம்பு ஓடத் தொடங்கியது. ஐந்து நிமிஷமாகியும் நிற்கவில்லை. எழுந்து பின்னால் போனேன். பூச்சட்டி சாய்ந்து கிடந்தது. அத்தை புதுப் புடவையோடு குந்தி உட்கார்ந்து, தொட்டியையும் குழாயையும் இணைக்கும் வளைந்த எல்போவை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார். விரல் இடுக்கு வழியாகத் தண்ணீர் பீய்ச்சி, சுவரிலிருந்த சுவிட்ச் பெட்டியில் அடித்தது. என்னைப் பார்த்ததும், முகமெல்லாம் தண்ணீர் வழிய, "ஒண்ணுமில்ல மாப்பிள்ள, நீங்க போயி உட்காருங்க. காப்பி கொண்டாறேன்" என்றார்.

"கைய எடுங்க அத்தை! சுவிட்ச தொடாதீங்க, தள்ளி வாங்க!" என்று கத்தினேன். அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அன்றுதான். உள்ளே ஓடி மெயின் சுவிட்சை அணைத்தேன். அடுப்படிக் குழாயைத் திறந்துவிட்டு, தொட்டியின் அழுத்தம் இறங்கும்வரை நின்றேன். திரும்பி வந்தபோது அத்தை சுவரோரம் ஒதுங்கி, ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தார். என்னை நாற்காலியை விட்டு எழுப்பக் கூடாது என்பதற்காக அவர் உயிரையே கொடுக்கத் துணிந்திருக்கிறார் என்று நினைத்தபோது, கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மாமனாரின் ஸ்பேனர் கிடைத்தது. எல்போ முழுக்கத் துரு. திருப்பியதும் உடைந்து, மரைப் பகுதி தொட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. ஈர வேட்டியோடு சீனர் இரும்புக் கடைக்குப் போய்ப் பித்தளை எல்போவும், மரையில் சுற்றும் வெள்ளை டேப்பும் வாங்கி வந்தேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்து, தீபாவளி வாழ்த்துச் சொன்னார். பிறகு சேற்றில் முட்டி போட்டு, மாட்டிக்கொண்ட துண்டை ரம்ப பிளேடால் மெல்ல அறுக்கத் தொடங்கினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அறிவிருக்கா? வெள்ள வேட்டியோட யாராச்சும் சேத்துல முட்டி போடுவாங்களா? ஒரு கைலிய கட்டிக்கிட்டு வந்தா என்னவாம்?"

சொன்ன வேகத்தில் அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். நான் தொட்டிப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் கண் கலங்கியிருந்தது. அதை அவர் பார்க்க வேண்டாமே.

புது எல்போவை முடுக்கி மெயினைப் போட்டோம். பம்பு ஓடியது, நின்றது. இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். அது மறுபடி ஓடவே இல்லை.

இப்போது அத்தைக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பித்தளை எல்போ இன்றுவரை சொட்டவில்லை. நல்ல நாற்காலியில் பூனை படுத்திருக்கிறது. அதை யாரும் எனக்காக எழுப்புவதில்லை. திட்டு தாராளமாகக் கிடைக்கிறது.

இந்த மாற்றமெல்லாம் அந்தத் தீபாவளிக்கு அடுத்த வாரம் தொடங்கியது. தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம். கைப்பேசியில் அத்தையின் எண். என்னை அவர் கூப்பிட்டதே கிடையாது, பதறிப்போய் எடுத்தேன்.

"தம்பி, அடுப்படி சிங்க் ஆறு மாசமா அடைச்சிருக்கு லா. பாத்ரூம் கதவும் மூட மாட்டேங்குது. கூரையில ரெண்டு எடத்துல ஒழுகுது. எப்ப வர்றீங்க?"

"ஞாயித்துக்கிழமை வரட்டுமா அத்தை?"

"வாங்க. பழைய சட்டை போட்டுக்கிட்டு வாங்க."