பேச்சியக்காவின் கை நழுவவில்லை

செவ்வாய்க்கிழமை காலை, உலை கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் சிவகிரியிலிருந்து செல்வம் போன் செய்தான். "சித்தி, அம்மா போயிட்டா" என்றான். அவனுடைய அம்மா பேச்சியம்மாள், சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவர். என்னைவிட மூத்தவர் என்பதால் எனக்கு அக்கா. அடுப்பை அணைத்துவிட்டு பஸ் ஏறினேன். வழியில் அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அக்காவைத் தெரியாதவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லவேண்டும். அவரைப்போலக் கவனமான மனுஷியை அந்தக் கூடத்தில் நான் பார்த்ததில்லை. வேலைக்கு நான் புதிதாகப் போனபோது என் முந்தானை காற்றில் பறந்தது. அக்கா ஓடிவந்து இழுத்துச் சொருகிவிட்டார். "ஏட்டி மாரி, தறிக்கு உன் மாமியாரவிடப் பசி ஜாஸ்தி. சேலையோட சேத்து உன்னையும் தின்னுரும்" என்றார். அவர் சிரித்தால் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

நெசவில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் சுற்றிய கனத்த உருளையை நாங்கள் பீம் என்போம். அதை வண்டியில் ஏற்றித் தறிக்குக் கொண்டுபோவது எங்கள் இருவர் வேலை. பாவு அறைக்கும் தறிக்கும் நடுவே உயரமான நிலைப்படி ஒன்று உண்டு. முதலாளியின் அப்பா பூஜை போட்டு வைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்போம். யாரும் காலால் மிதிக்கமாட்டோம். ஆனால் வண்டி அதன்மேல் ஏறித்தான் இறங்கவேண்டும்.

பழைய வண்டியின் இரும்புச் சக்கரம் தரையைப் பெயர்க்கிறது என்று முதலாளி நாலு ரப்பர் சக்கரம் வாங்கிவந்தார். எங்களுக்கும் சந்தோஷம்தான். "வெண்ணெயா வழுக்கிட்டுப் போகுதுட்டி" என்று அக்காவே சொன்னார். முதலாளி எல்லோர் முன்னாலும் பெருமையடித்தார். "பீமோட எடையை நாலாப் பங்கு போட்டேன். ஒரு பங்கைத் தாங்குத சக்கரமாப் பாத்து எடுத்தேன். கச்சிதமா இருக்கு."

கச்சிதமாகத்தான் இருந்தது. பீம் ஒன்றுக்கு மட்டும். வண்டியின் சொந்த எடையை அவர் சேர்க்கவில்லை. ஒரே நடையில் முடியட்டும் என்று அவர் ஏற்றச் சொல்லும் துணி மூட்டைகளையும் சேர்க்கவில்லை. நிலைப்படி அவர் நினைப்பிலேயே இல்லை.

விபத்து நடந்த அன்று முன்னால் இழுத்தது அக்கா, பின்னால் தள்ளியது நான். முன்சக்கரம் இரண்டும் படி தாண்டி இறங்கின. மொத்த பாரமும் அவற்றின்மேல் சாய்ந்தது. இடப்பக்கச் சக்கரத்தைப் பிடித்திருந்த இரும்புக் கவட்டை மடங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அக்காவின் இரண்டு கையும் கைப்பிடியில்தான் இருந்தன. வண்டி சரிந்து, பீம் உருண்டு, அவருடைய வலது காலில் விழுந்தது. விரல்கள் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவை முதலாளிதான் பார்த்தார். இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் விசாரிக்க வந்தவர்களிடம் அவர் சொன்னது இது: "அவ அசால்டா இழுத்தா, கை நழுவிட்டு." நான் அங்கேயே மறுத்துச் சொன்னேன். மறுவாரம் எனக்கு அந்தக் கூடத்தில் வேலை இல்லை.

வண்டியைச் சரிசெய்ய வந்த வெல்டிங் பட்டறை அண்ணாச்சி, உடைந்த சக்கரத்தைக் கையில் எடுத்ததுமே தலையில் அடித்துக்கொண்டாராம். "தரை மேடும் பள்ளமுமா இருந்தா ஒரு சக்கரம் எப்பவும் அந்தரத்துல நிக்கும் மொதலாளி. வண்டி, சுமை ரெண்டையும் சேத்து மூணாப் பங்கு போடணும். படி வேற ஏறணும்னா ரெண்டே சக்கரம்தான் தாங்கும். அதுக்குத் தக்கன பெருசா எடுக்கணும்." இதைக் கேட்டபிறகு முதலாளி சக்கரத்தை மாற்றினார். சொன்ன சொல்லை மாற்றவில்லை.

அந்தச் சொல் அக்காவுக்கு முன்னாலேயே சிவகிரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. செல்வத்துக்கு முதல் பிள்ளை பிறந்தபோது அக்கா கையை நீட்டினார். மருமகள் பிள்ளையைக் கொடுக்கவில்லை. "வேண்டாம் அத்தை, நழுவ விட்டுருவீய" என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நீட்டிய கையை அக்கா மெல்ல மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "கால் போனது போட்டும்ட்டி. அந்த மனுசன் ஒருநா வந்து, 'பேச்சி கை நழுவல'ன்னு எம்புள்ளைகிட்ட ஒத்த வார்த்தை சொல்லட்டும். நான் நிம்மதியாக் கண்ண மூடிருவேன்."

முதலாளி ஒருநாளும் வரவில்லை. அக்கா செத்தபிறகுதான் வந்தார், காரில், பெரிய ரோஜா மாலையோடு.

நான் எழுந்து முன்னால் போய் நின்றேன்.

"மாலை இருக்கட்டும் மொதலாளி. சொல்ல வேண்டியதச் சொல்லுங்க. இந்தா, இவன்தான் மகன்."

"எளவு வீட்டுல எதுக்கு மாரி பழைய கதை? ஊர் பாக்குது."

"பாக்கட்டும்னுதான் கேக்கேன். கை நழுவுச்சா, சக்கரம் ஒடிஞ்சுச்சா?"

அவர் மாலையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுக் காருக்கு நடந்தார். நாற்காலியில் இருந்த மாலையையும் போகிற காரையும் செல்வம் மாறிமாறிப் பார்த்தான்.

"அம்மா இதச் சொல்லவே இல்லையே சித்தி?"

"சொன்னாளே. நீதான் டிவி சத்தத்தக் கூட்டி வச்சே."

இரக்கமில்லாமல்தான் சொன்னேன். சொன்னதற்கு வருத்தமில்லை.

குளிப்பாட்டி முடித்ததும் அவன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். விரலில்லாத அந்தக் காலைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டான். தூக்குகிறவர்கள் வந்து கூப்பிட்டும் விடவில்லை. மருமகள் தூணோரம் நின்று வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டிருந்தாள். ரோஜா மாலையை யாரும் எடுக்கவில்லை. அக்கா அது இல்லாமலேயே புறப்பட்டார்.

பேச்சியக்கா, அவர் சொல்லமாட்டார். இனி எதிர்பார்க்கவும் வேண்டாம். பின்னால் நின்று பார்த்தவள் நான் சொல்லுகிறேன், உங்கள் மகனும் கேட்டுவிட்டான். உங்கள் கை நழுவவில்லை. போய் வாருங்கள்.