கூப்பிட்டால் கையை நீட்டு

எழுபதுகளின் கடைசியில் அரியலூர் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். கல்யாணம் ஆகாதவன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறைக்கு என்னைத் தேடி வந்தது சிமெண்ட் தூசி மட்டும்தான்.

அங்கே டைப்பிஸ்டாக வந்தவர் சகாயமேரி. கூடைப்பந்து ஆடியதற்காகவே அவருக்குக் கிடைத்த வேலை அது. அடுத்த மாதம் திருச்சியில் மாநில அணித் தேர்வு. அதில் தேறாவிட்டால் இனி டைப்ரைட்டர் மட்டும்தான் என்றார். ஒரு மாலை ஆலை மைதானத்தில் தனியாகப் பந்து தட்டிக்கொண்டிருந்தவர், வேடிக்கை பார்த்த என்னை அழைத்தார்.

"சும்மா நிக்கிறதுக்கு உள்ள வாங்க சார். பாஸ் பண்ணிப் பழகணும்."

வீரமாகப் போய் நின்றேன்.

"சார்!" என்று கத்தினார்.

கூப்பிட்டால் பதில் சொல்வதுதானே மரியாதை? "என்னங்க?" என்று வாயைத் திறந்தேன். பந்து மூக்கில் வந்து உட்கார்ந்தது. அடுத்த "சார்!" கேட்டதும் தலையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன்.

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அஞ்சு பேரு ஆடுற ஆட்டம் சார் இது. இங்க வந்ததுலேருந்து செவுத்துக்குத்தான் பாஸ் போடுறேன். செவுரு பந்தைத் திருப்பிக் குடுக்கும், ஆனா கூப்பிடாது. நீங்க வாயத் தொறக்காதீங்க. கைய மட்டும் நீட்டுங்க."

என் அறைச் சுவர்கள் ஞாபகம் வந்தன. எழுந்து கையை நீட்டினேன். அந்த மாதம் முழுக்க, மாலைதோறும், கண்ணை மூடிக்கொண்டாவது நீட்டினேன்.

அவர் தேர்வானார். பிறகு மாற்றலாகிப் போய்விட்டார்.

இப்போதும் பின்னாலிருந்து யாராவது "சார்!" என்றால், வாய்க்கு முன்னால் கைகள் நீண்டுவிடுகின்றன. திரும்பிப் பார்த்தால், பெரும்பாலும் வேறொரு சாரைக் கூப்பிட்டிருப்பார்கள்.